பதினோரு மணிப் பால்

மார்ச் 4, செவ்வாய்

பட்டாணி பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள். எடை ஆயிரத்து முந்நூறு கிராம். அவள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், நான் வீட்டில். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் வைத்துப் பால் எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பம்பைக் கழற்றிக் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். எடுத்த பாலில் நேரம் எழுதி ஒட்டி, உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கதவில் கூடாது. வார்டு நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்தது. காலையில் என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போகிற வழியில் ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். "டிக்கெட் எடுக்காம வர்ற ஒரே பயணி உன் பால்தான்" என்கிறார். சிரித்தால் தையல் இழுக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தப்புப் பண்ணிவிட்டேன்.

பதினோரு மணிக்கு எடுத்தேன். முப்பத்தைந்து மில்லி. ஒரே தடவையில் இவ்வளவு வந்ததே இல்லை. மூடி போட்டு மேசையில் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று சாய்ந்தேன். கண் விழித்தபோது நாலேகால். பாட்டில் மேல் வெயில்.

முகர்ந்து பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. கொட்ட சிங்க் வரைக்கும் போனேன் — கை வரல. நேற்று முழுக்கவே நூற்றிருபதுதான். 4.15 என்று எழுதி ஒட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

நான் மருந்துக்கடைக்காரி. தேதி முடிந்த மாத்திரையைப் பொறுக்கி ஒதுக்குவதுதான் என் வேலை.

மார்ச் 7

ஐஸ் பெட்டி போய்விட்டது. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 8

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். குழந்தைக்கு வயிறு உப்பியிருக்கு, பாலை நிறுத்தியிருக்கோம், வாங்க.

வயிறு பளபளவென்று, பச்சை நரம்பெல்லாம் தெரிகிறது. அழக்கூட இல்லை. "குடல்ல தொற்றா இருக்கலாம். மருந்து ஆரம்பிச்சாச்சு. ரெண்டு நாள் போகட்டும்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பாட்டிலா? அதைக் கொடுத்திருப்பாங்களா? யாரைப் போய்க் கேப்பேன்?

மார்ச் 9

"அந்த நர்ஸ் கை கழுவாம தொட்டிருப்பா. புகார் எழுதிக் கொடுக்கப் போறேன்" என்கிறார் அவர். பேனா கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து, அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கல. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 10

சொல்லிவிட்டேன். வார்டு வாசலில், அவர், நர்ஸ் அக்கா, டாக்டரம்மா எல்லோரும் இருக்கும்போதே.

"வியாழக்கிழமை 4.15னு ஒட்டின பாட்டில் பதினோரு மணிக்கு எடுத்தது. அஞ்சு மணி நேரம் வெளியே இருந்துச்சு."

நர்ஸ் அக்கா நோட்டைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கொடுத்திருக்கிறாள்.

"அதனாலதானா டாக்டர்?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாதும்மா. குறைமாசக் குழந்தைங்களுக்கு எப்படியும் வரலாம். மிச்சம் இருக்கிற பாலைச் சோதனைக்கு அனுப்புறேன்."

நர்ஸ் அக்கா திட்டவில்லை. "பால் பத்தலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏதாவது வழி பண்ணியிருப்போமே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அவர் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

மார்ச் 11

எடுப்பதை நிறுத்தாதீங்க, ஃப்ரீசர்ல வைங்க என்று நர்ஸ் அக்கா சொல்லியிருக்கிறாள். எடுக்கிறேன். குடிக்க அவள் இருப்பாளா என்று தெரியாமலே எடுக்கிறேன்.

இரண்டு மணிக்கு, பால் எடுக்கிற நேரத்துக்குச் சரியாக, பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் போன்.

"முழிச்சிருக்கியா?"

"ம்."

வைத்துவிட்டார்.

மார்ச் 12

ஐந்து மணிக்கும் போன். "எடுத்தியா? உள்ள வெச்சியா?" வெச்சேன் என்றேன். அப்புறம், "சாப்பிட்டியா?"

அப்போதுதான் அழுகை வந்தது.

மார்ச் 15

வயிறு வடிந்திருக்கிறது. சோதனையில் ஒன்றும் பிடிபடவில்லையாம் — ஆனால் அந்தப் பாட்டில்தான் காலியாகிவிட்டதே.

இன்று மறுபடி பால். இரண்டு மில்லி. அது மூக்குக் குழாயில் இறங்கி முடிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஏப்ரல் 13

பட்டாணி வீட்டுக்கு வந்து மூன்று நாள். இடது கையால் கோணல்மாணலாக எழுதுகிறேன். வலது கை அவள் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாலு வாய் இழுக்கிறாள், களைத்துத் தூங்குகிறாள், மறுபடி இழுக்கிறாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தேன்.