இரண்டே ஊசி

அன்புள்ள நைனாவுக்கு, ஸ்காட்லாந்திலிருந்து ஜெசிந்தா. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் என்மேல் உள்ள கோபமும் குறைந்தனவா?

என் அறையில் கூட இருப்பவள் மோராக் மக்லவுட். மக் என்றால் மகனாம். எண்ணூறு வருடத்துக்கு முன் இங்கே ஒரு தீவில் வாழ்ந்த லியோட் என்பவரின் வம்சம், கப்பலேறி கனடா, ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. உலகப்படத்தில் மக்லவுட்கள் வாழும் ஊரிலெல்லாம் ஊசி குத்தி வைத்திருக்கிறாள். நான் சும்மா இருப்பேனா? நம்ம ராயபுரத்திலும் ஒன்று குத்திவிட்டேன். இரண்டு நாள் அந்தச் சொந்தக்காரரைத் தேடினாள், பாவம்.

"உங்க குடும்பப் பேரு எங்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டாள். நமக்கு ஏது? அப்பா பேரின் முதலெழுத்தோடு சரி. இங்கே கல்லூரியில் உங்கள் பேரையே என் குடும்பப் பேராக எழுதிக்கொண்டார்கள். ஆக, அருள்பிரகாசத்துக்கு இரண்டே ஊசி: ராயபுரத்தில் ஒன்று, இங்கே ஒன்று. நடுவில் எவ்வளவு நீலம்!

இங்கே படிக்க வரட்டுமா என்று கேட்டதற்கு, "போறதுன்னா போ, என்கைல இன்னாத்துக்குக் கேக்குற?" என்றீர்கள். அதன்பின் நாலு மாதமாகப் பேச்சில்லை. வகுப்பில் "அருள்பிரகாசம்" என்று கூப்பிட்டால், நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

கொஞ்சம் சென்னாக்குன்னி கருவாடு அனுப்புங்கள். அம்மா போனில் பேசும்போது பக்கத்தில் நின்று இருமாமல், வாங்கிப் பேசுங்கள்.

வகுப்புக்கு நேரமாச்சு. வாசலில் கூப்பிடுகிறார்கள், உங்கள் பேரைச் சொல்லி.

அ. ஜெசிந்தா