துளை போட்டவன் தப்பா?

மார்ச் 3, திங்கள்

உடைந்துவிட்டது. இறக்கைக்கான இணைப்பு: அலுமினியத் தகட்டையும் கார்பன் இழைச் சட்டத்தையும் போல்ட் போட்டுச் சேர்த்தது. விமானம் ஏறி இறங்கும் கணக்குக்கு என் சோதனைக்கூட இயந்திரம் அதை இழுத்து இழுத்து விட்டது. தாங்கவேண்டிய ஆயுளில் பாதிகூடத் தாங்கவில்லை. கார்பனில் ஒரு கீறல் இல்லை. விரிசல் அலுமினியத்தில், துளையின் விளிம்பில்.

சீஃப் எட்டிப் பார்த்தார். டிசைன் அவருடையது. துளை போட்டவன் சொதப்பிவிட்டான் என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

துளை போட்டவன் என் கொழுந்தன்.

மார்ச் 4

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். போல்ட் தலை வெளியே துருத்தாமல் அமர, துளையின் வாயை அகலமாகக் குடைவார்கள். எடை குறைக்க சீஃப் தகட்டை மெலிதாக்கினார். குடையும் ஆழத்தைக் குறைக்க மறந்துவிட்டார். குழி தகட்டின் அடிவரை போய், விளிம்பு சவரக்கத்தி போல நிற்கிறது. உலோகம் அங்கேதான் முதலில் சோர்ந்து கிழியும். கொழுந்தன் வரைபடத்தில் இருந்தபடி மயிரிழை பிசகாமல் போட்டிருக்கிறான்.

சொன்னேன். சீஃப் சிரித்தார். "சொந்தக்காரனைக் காப்பாத்தப் பாக்கறீங்க. ரெண்டு நாள் லீவு போடுங்கம்மா, டயர்டா இருக்கீங்க."

சோர்ந்தது நானா? நான் தூங்கி எழுந்தால் தேறிவிடுவேன். தகடு தேறாது. லீவு வேண்டாம் என்றேன்.

மார்ச் 5

கொழுந்தனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 'துளையிட்டதில் பிழை' என்று நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அவன் வேலை நிரந்தரமாகப் போகும். அவனே வந்து நிற்கிறான். "போட்டுடுங்க அண்ணி. ரெண்டு பேருக்கும் வேலை போனா வீடு என்னாகும்?"

எனக்கு வந்த கோபம்! இவனுக்காக மட்டுமா மல்லுக்கு நிற்கிறேன்? அந்த இறக்கைக்குப் பக்கத்தில் யாரோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறார்களே. போடமாட்டேன்டா, போய்ச் சாப்பிடு என்றேன்.

மார்ச் 6

சீஃப் அறையில், எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னேன்: "நீங்க நம்புற ஆளை வச்சுத் துளை போடுங்க. வரைபடம் மட்டும் மாறக்கூடாது. தாங்கிடுச்சுன்னா கையெழுத்துப் போட்டுட்டு நானும் வேலையை விட்டுக் கிளம்பிடறேன்." சரி என்று ஒப்புக்கொண்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனோ?

மார்ச் 11

வேறு ஆள் துளை போட்ட இரண்டாவது இணைப்பு இயந்திரத்தில் ஓடுகிறது. இன்னும் உடையவில்லை.

மார்ச் 13

முதல் இணைப்பைத் தாண்டிவிட்டது. சீஃப் சீட்டி அடித்துக்கொண்டு போகிறார். ஒன்றுக்கொன்று ஆயுள் முன்பின் ஆகும், அது எனக்குத் தெரியும். இருந்தும் மணிக்கொரு தரம் போய் எண்ணிக்கையைப் பார்க்கிறேன். அம்மாவின் வேலையே உடைப்பதுதானாம், தான் தட்டை உடைத்தால் மட்டும் திட்டாம் — மகள் சொல்கிறாள். சிரிப்பு வரவில்லை. உடைந்து தொலையேன், சனியனே.

மார்ச் 14

காலையில் உடைந்தது. அதே விளிம்பு. ஆயுளில் முக்கால்கூட இல்லை. சீஃப் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

புது வரைபடம் வந்தது. தகடு தடிமனாகியிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'பொது மேம்பாடு'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். அதை அடித்துவிட்டு, 'குழி ஆழம் அதிகம், அதனால் விரிசல். துளையிட்டதில் பிழை இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மாலையில் அப்படியே வந்தது, கீழே சீஃப் கையெழுத்தோடு.

கொழுந்தனுக்குத் திங்கள் காலை ஷிப்ட். "என் பைக்லயே வாங்க அண்ணி. சொந்தக்காரங்கன்னு அவர் நல்லாப் பாக்கட்டும்" என்கிறான்.

என் ஹெல்மெட்டைத் துடைத்து வைத்துவிட்டேன்.