சாட்சி சொன்ன பிறகு

10-11-91, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். கோவிலில் பாதி பெஞ்சு காலி. ஆராதனை முடிவில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டேன். கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் மாட்டிய என் வீட்டுக்காரர் வலது கையைக் கர்த்தர் காப்பாற்றிவிட்டார் என்று. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். டாக்டர் என்னவோ "பாக்கலாம்மா" என்றுதான் சொன்னார். விசுவாசத்துக்கு அது போதாதா.
வாங்க: பிளாஸ்க், ரொட்டி, சீப்பு.

13-11, புதன்
நல்ல மழை. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் லேட். கையில் சீழ். விரல்கள் கறுத்துவிட்டன. கையை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். கையெழுத்துப் போட்டேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஆண்டவரே, அத்தனை பேர் முன்னாலும் உமக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தேனே. இப்படியா செய்வீர்?

15-11, வெள்ளி
நேற்று கையை எடுத்துவிட்டார்கள். மாற்றுத் துணிக்கு மண்ணூர் வீட்டுக்கு வந்தேன். உபவாச ஜெபத்துக்குப் போகவில்லை. சபைச் செயலாளர் மனைவி சரோஜாக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.
"இன்னா எஸ்தரு, முழுசா சொகமாவறதுக்கு முன்ன சாட்சி சொல்லலாமா? கர்த்தர் பேரு இன்னா ஆவுது?"
இவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன்.
பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சாம்பார் சாதம் கொண்டுவந்தாள். "உங்க சாமிய அப்பால கேட்டுக்க. மொதல்ல துன்னு." தின்றேன், உபவாச நாளில்.

16-11, சனி
கொஞ்சம் வெயில். கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர் இன்றுதான் பேசினார். "எனக்காக ஜெபம் பண்ணிக்கினு இருக்காத." சரி என்றேன். பண்ணினால்தானே. எனக்கே வார்த்தை வரவில்லை. இவரும் நானும் ஜெபத்தை இப்படியே விட்டுவிடுவோமோ என்று பயம்.

17-11, ஞாயிறு
ஆராதனை முடித்துப் போதகர் ஐயா நேரே வார்டுக்கு வந்தார். செருப்பெல்லாம் சேறு. சாட்சியைப் பற்றி நானே ஆரம்பித்தேன். "அன்னைக்கு நானும்தானேம்மா ஸ்தோத்திரம் சொன்னேன்" என்றார். பெட்டியைத் திறந்து திருவிருந்து அப்பத்தை எடுத்தார்.
இடது கை மேல் வலது கை வைத்து வாங்கித்தான் பழக்கம். இவர் இடது கையை நீட்டினார். உடனே போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.
"பீச்சாங்கையில எப்டி ஐயா வாங்கறது?"
அடிபட்ட பிறகு இன்றுதான் அழுதார். நான் போர்வையை விலக்கி, இவர் இடது கை மேல் என் வலது கையை வைத்தேன். ஐயா என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். நான் அசையவில்லை. இவர்தான் தன் வாய்க்குத் தூக்கினார், என் கையையும் சேர்த்து.