இடது கை செய்த வேலை

மார்ச் 5, புதன்

குன்மிங் போய் மதியத்துக்குள் செங்டு திரும்பிவிட்டேன். விமானிகளின் சாப்பாட்டு அறையில், நூடுல்ஸ் ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. போட்டி நிறுவனமான மின்ஹே, நம் நாட்டிலேயே தயாராகும் முப்பது உள்நாட்டு விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டதாம். எங்கள் சன்யா வழித்தடத்தில் பாதியைப் போன வருடமே பிடுங்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

"வாங்கட்டும். பல்லு உடைஞ்சா அவங்க பல்லு. நாம ரெண்டு வருஷம் வேடிக்கை பார்ப்போம்" என்றேன்.

பெங் ஷாவ்ரோங் கிண்ணத்தைக் கீழே வைத்தான். விமானப் பள்ளி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். இருபத்தெட்டு வருடப் பழக்கம். "ரெண்டு வருஷத்துல மிச்ச வழித்தடமும் போயிடும். அப்புறம் நீயும் நானும் டாக்ஸிதான் ஓட்டணும். ஒரு உதிரி பாகத்துக்கு வெளிநாட்டுக்காரன் எட்டு மாசம் காக்க வைக்கிறானே, அது உனக்கு உறைக்கலையாடா?"

"உங்க உள்நாட்டு விமானத்துல எஞ்சின் யாரோடதாம்?" என்று ஷென் மான் கேட்டாள். எங்கள் கேப்டன்களில் வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

"உன் வீட்டு அடுப்பு வெளிநாட்டுது. அதுக்காக நீ வைக்கிற குழம்பும் வெளிநாட்டுதா?" என்றான் பெங். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

செயல்பாட்டு இயக்குநர் ஹுவோ கூப்பிட்டனுப்பினார். எங்கள் நிறுவனம் இருபது விமானங்கள் வாங்கப்போகிறது. உள்நாடா, வெளிநாடா என்பது 21ஆம் தேதி முடிவாகும். அதற்குள் பெங், ஷென் மான், நான் மூன்று பேரும் உள்நாட்டு விமானத்தை சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். உள்நாடு என்று முடிவானால் புதிய அணிக்கு பெங்தான் தலைவன். இரண்டு வருடமாக அவன் மூச்சே அதுதான்.

ஹுவோவுக்கு வெளிநாட்டு விமானம் வேண்டும். அதை அவர் மறைப்பதும் இல்லை. "லோ, பதினெட்டு வருஷம் பழகின கை உன்னோடது. உன் கையெழுத்துக்குத்தான் மேலிடத்துல மதிப்பு" என்றார். ஜூனில் பயிற்சித் தலைவர் நாற்காலி காலியாகிறது என்பதையும் பேச்சுவாக்கில் போட்டுவைத்தார்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இங்கேயாவது ஒளிக்காமல் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

சிமுலேட்டர். நான் இத்தனை வருடம் ஓட்டிய விமானத்தில் மடிக்கு முன்னால் பெரிய ஸ்டியரிங் இருக்கும். இரண்டு இருக்கைக்கும் இரண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். இதில் அப்படி இல்லை. ஆளுக்கொரு சின்னக் கைப்பிடி, இடது இருக்கையில் எனக்கு இடது பக்கம், வலது இருக்கையில் பெங்குக்கு வலது பக்கம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று கைக்குத் தெரியாது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பலமான பக்கக் காற்றில் தரையிறக்கம். ஓட்டியவன் பெங். தரைக்குக் கொஞ்சம் மேலே மூக்கு அளவுக்கு மீறித் தூக்கியது. வேகம் செத்து, தொப்பென்று விழுந்தது. பல்லோடு பல் மோதியது.

பெங் முகம் வெளுத்துவிட்டது. "இது இப்படிப் பண்ணினதே இல்லடா" என்றான்.

மார்ச் 12, புதன்

அறிக்கை கொடுத்துவிட்டேன். 'பக்கக் காற்றில் கடைசி நொடிகளில் இந்த விமானத்தின் போக்கை நம்ப முடியவில்லை.' பார்த்ததைத்தானே எழுதினேன்?

மார்ச் 14, வெள்ளி

ஓய்வறையில் பெங் வந்து என் எதிரில் நின்றான்.

"அந்த ஒரு வரியை எடுத்துக்கிட்டு ஹுவோ ஊரெல்லாம் சுத்துறாரு. ஷென் மான் நாலு தடவை இறக்கினா, நாலும் பூ மாதிரி. அதை யாரும் படிக்கலை."

"விழுந்தது நிஜம்தானே?"

"விழுந்தது நிஜம். ஏன் விழுந்துதுன்னு கேட்டியா நீ?"

நான் தேநீர்க் குவளையைத் திருகிக்கொண்டிருந்தேன். அவன் போய்விட்டான். கோபம் வருகிறது. அவன்மேல்தானா, தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

என் மனைவி யான்லி கார் ஓட்ட, அவள் அக்கா வீட்டுக்குப் போனோம். சந்திப்பில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. அவள் நிதானமாக நிறுத்தினாள்.

"காலை எடுங்க. அங்க பிரேக் கிடையாது. கல்யாணம் ஆனதுலேருந்து பார்க்கிறேன், நான் ஓட்டினா நீங்களும் ஓட்டுறீங்க" என்றாள்.

என் வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டில் மிளகாய்க் குழம்பு கொதிக்கக் கொதிக்க வைத்தார்கள். எனக்கு ருசியே தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக இளைய விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். அவர்கள் இறக்கும்போது ஸ்டியரிங்கில் இரண்டு விரல் வைத்திருப்பேன், தேவைப்பட்டால் துளி இழுப்பேன். எங்கள் பயிற்றுநர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

செவ்வாய்க்கிழமை என் இடது கை எங்கே இருந்தது?

மார்ச் 17, திங்கள்

சிமுலேட்டர் மையத்தில் பதிவைக் கேட்டு வாங்கினேன். இரண்டு கைப்பிடிக்கும் தனித்தனிக் கோடு. பெங்கின் கோடு அளவாக ஏறுகிறது. அதே நொடியில் என் கோடும் ஏறுகிறது. இரண்டு பேர் இழுத்தால் இந்த விமானம் இரண்டையும் கூட்டிக்கொள்ளும். கையேட்டில் முதல் பக்கத்திலேயே படித்த பாடம்.

எச்சரிக்கை விளக்கும் எரிந்திருக்கிறது. நாங்கள் இருவரும் ஓடுபாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எச்சரிக்கைக் குரல் வரவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் உயரத்தைச் சொல்லும் குரல் முந்திக்கொள்ளும்.

விமானத்தின்மேல் தப்பில்லை. பெங்மேல் தப்பில்லை.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

ஷென் மான் வாகன நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டாள்.

"விஷயம் தெரியுமா அண்ணே? பெங் அண்ணன் கடிதம் கொடுத்துட்டாரு. விமானத்துல குறை இல்ல, என் கைதான் தப்பு பண்ணிச்சுன்னு."

"எதுக்கு? அவன் தப்பு பண்ணலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அவருக்கு அந்த விமானம் வந்தா போதுமாம். ஹுவோ அந்தக் கடிதத்தை வச்சு அவரோட பயிற்றுநர் தகுதியைப் பறிச்சுடுவாரு. அணியும் போச்சு, பேரும் போச்சு."

சட்டையை மாற்றியிருந்தேன். காகிதத்தைப் புதுச் சட்டைப் பைக்கு மாற்ற மறக்கவில்லை. சீ. என்ன மனுஷன் நான்? அவன் செய்யாத தப்புக்கு அவன் கையெழுத்துப் போடுறான். செய்த நான் பையில வச்சுக்கிட்டு திரியறேன் — ஒரு நாற்காலிக்காக.

மார்ச் 20, வியாழன்

காலை எட்டு மணிக்கு ஹுவோவின் மேசையில் காகிதத்தை விரித்து வைத்தேன். திருத்திய அறிக்கையையும் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். "இதை நீயா போய்க் கேட்டு வாங்கின?"

"ஆமா."

"யாராவது கேட்டாங்களா உன்னை?"

"இல்ல."

"அப்ப பேசாம இருந்திருக்கலாமே லோ." குரலில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "உன் பயிற்றுநர் தகுதியை ஆறு மாசம் நிறுத்தி வைப்போம். ஜூனை மறந்துடு."

நகலை பெங்கின் கடிதப் பெட்டியில் போட்டேன். மாலை வரை அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. யான்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாடா, ஒரு வாரமா நீங்க சாப்பிடவே இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 21, வெள்ளி

முதல் தவணையாக எட்டு உள்நாட்டு விமானங்கள். மிச்சம் பன்னிரண்டு பற்றி அடுத்த வருடம் பேசுவார்களாம். பெங்கின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தான். நின்றான். "பத்தொம்பதாம் தேதி நான் கடிதம் கொடுத்தப்போ அந்தப் பதிவு உன் பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஜூன் 9, திங்கள்

பயிற்சித் தலைவராக ஷென் மான். இனிப்பு கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

புதிய விமானத்தில் எனக்கு முதல் பயணம். செங்டுவிலிருந்து குன்மிங். ஐம்பதை நெருங்கும் வயதில் நான் மாணவன். வலது இருக்கையில் பயிற்றுநர் பெங். மார்ச்சுக்குப் பிறகு வேலையைத் தவிர வேறு எதையும் அவன் என்னிடம் பேசியதில்லை.

குன்மிங்கில் பக்கக் காற்று. "இதை நான் இறக்கிக் காட்டறேன், நீ பாரு" என்றான். ஓடுபாதை நேர் எதிரே வந்தது.

"கை எங்கடா இருக்கு?"

"அதுமேலதான் உட்கார்ந்திருக்கேன்."



"அப்படியே இருடா" என்றான். டா போட்டுப் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. சக்கரம் தரையைத் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. என் இடது கை மரத்துப்போயிருந்தது.