ஓட்டை இல்லாத போன்ச்கி

ஹாம்ட்ராம்க், மிச்சிகன்
சாம்பல் புதன், மத்தியானம்

அன்புள்ள ப்ரோனியாவுக்கு,

உன் வீட்டுக்காரன் லுட்விக் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இவனாவது, கடிதமாவது என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பாய். நானேதான். போனில் சொல்லலாம் என்றால், உன் அக்கா தெக்லா உன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது கடல் தாண்டி அங்கே டார்னூவிலிருந்து இங்கே வரைக்கும் கேட்கிறது. அவளுக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள் என்று சொன்னாய். சந்தோஷம். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் அக்டோபரில் போனாய். இப்போது அவள் நடக்கிறாள், நீ வரவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஒரு பெருமையான சேதி.

நேற்று கொழுத்த செவ்வாய், நம் கல்யாண நாள். தேதியை நாம் என்றைக்குப் பார்த்தோம்? தவக்காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது என்று அரக்கப்பரக்க அந்தச் செவ்வாய்க்கிழமை பீடத்துக்கு முன்னால் போய் நின்றோம். அன்றிலிருந்து அது பிப்ரவரியில் வந்தாலும் மார்ச்சில் வந்தாலும் நமக்கு அன்றைக்குத்தான் விசேஷம். இது நாற்பதாவது. விசேஷத்துக்குப் போன்ச்கி வேண்டுமே. செய்கிறவள் ஊரில் இல்லை. அதனால் நானே செய்தேன்.

ஆமாம், சரியாகத்தான் படித்தாய். வாங்கவில்லை, செய்தேன். விடியும் முன்னே பனியில் வரிசை கட்டி நின்று, பேக்கரியிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போகிறதே ஒரு கூட்டம், அதில் உன் புருஷன் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட டோனட்டும் இல்லை. உருண்டையாக, வயிறு நிறைய ரோஜா ஜாம் வைத்து, மேலே சர்க்கரைப் பாகு தடவி, ஆரஞ்சுத் தோல் தூவின அசல் போன்ச்கி. நீ செய்கிற அதே போன்ச்கி.

எதற்கு இந்த வேலை என்று உனக்குத் தெரியும். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று போன் பேசினோமே. எப்போது வருகிறாய் என்று கேட்டேன். கேட்டவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறேன், டப்பா சூப் குடித்துக் குடித்து நாக்குச் செத்துவிட்டது என்றும் சொன்னேன். பசித்தவன் வேறு என்ன சொல்வான்? நீ, "லுட்விக், உனக்கு வேண்டியது பொண்டாட்டியா, சமையல்காரியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்று போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோம், அங்கே எவ்வளவு பனி, இங்கே எவ்வளவு பனி என்று. நானும் யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். நீ வராமலே போய்விடுவாயோ என்ற பயம் எனக்கு உண்டு. அதை வாயால் சொல்லத் தெரியவில்லை, அதனால் மாவு பிசைந்தேன்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பாய். நீதான். வருஷா வருஷம் நீ செய்யும்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பேப்பர் படிப்பேன் இல்லையா? அது பாதி நடிப்பு. பேப்பருக்கு மேலே உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மாவை எப்படி அறைந்து பிசைகிறாய், வட்டத்தின் நடுவில் ஜாம் வைத்து எப்படிக் கிள்ளி மூடுகிறாய், மூடின பக்கத்தைக் கீழே வைத்து ஹீட்டர் பக்கத்தில் துணி போட்டு எப்படித் தூங்கப் போடுகிறாய், எல்லாம் எனக்கு மனப்பாடம். கார் கம்பெனியில் அச்சு செதுக்கினவன் கண் சும்மா இருக்குமா? வட்டங்களின் கனத்தை வெர்னியர் வைத்துப் பார்த்தேன். சிரிக்காதே. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை.

ஆனாலும் திங்கட்கிழமை செய்த முதல் சட்டி ஊத்திக்கொண்டது. அந்தக் கூத்தையும் எழுதிவிடுகிறேன், எப்படியும் ஜெபமாலை சபை ஜெனோவேஃபா உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாள்.

மாவு எண்ணெய் குடிக்காமல் இருக்க நீ ஒரு கரண்டி கடுஞ்சாராயம் விடுவாயே, அதைத் தேடினேன். மேல் அலமாரியில் லேபிள் கிழித்த வோட்கா பாட்டில் ஒன்று. தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. நல்ல சாராயம் அப்படித்தானே இருக்கும்? கல்யாண நாளாச்சே என்று கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். மாவு நெகிழ்ந்து போனது. சட்டியில் போட்டதும் ஒவ்வொன்றும் எண்ணெயை உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சிக்கொண்டு கல்லாய்க் கனத்தது. உன் ரோஜா ஜாம் ஒரு ஜாடி அதோடு போச்சு. வெறுத்துப்போய் அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். சப்பென்று இருந்தது. இன்னொரு வாய். பச்சைத் தண்ணீர்!

அப்போதுதான் சுருக்கென்றது. நீ போன தடவை செஸ்தொஹோவா மாதா கோயிலுக்குப் போய்வந்தபோது தீர்த்தம் பிடித்து வந்தாயே, அந்தப் பாட்டில். இடி இடித்தால் வீட்டில் தெளிக்கிறதும், காருக்குத் தெளிக்கிறதும், என் முழங்காலில் தடவுகிறதும் அதுதான். அட மாதாவே, மந்திரித்த தீர்த்தத்தை மாவில் ஊற்றிப் பொரித்து, மேற்கொண்டு இரண்டு மடக்குக் குடித்தும் இருக்கிறேன். உனக்கும் எனக்கும் தெரிந்த எந்த வீட்டிலும் காலி வோட்கா பாட்டிலில்தான் தீர்த்தம் இருக்கும். ஒரு சிலுவையாவது வரைந்து வைக்கக் கூடாதா நீ?

இப்போது அந்தப் போன்ச்கிகளை என்ன செய்வது? குப்பையில் போட்டால் பாவம். ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஃபாதர் மார்செலியிடம் போனேன். மனுஷன் கதையைக் கேட்டுவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாப்பது வருஷமா உன்னை முன் பெஞ்சுல உக்கார வைக்க முடியல. இப்ப நீயே வந்து வயித்துக்குள்ள மந்திரிச்சுக்கிட்டியா? குப்பையில போடாதே, தின்னு தீரு. அதான் உனக்குப் பரிகாரம்" என்றார். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பரிகாரம் கொஞ்சம் கடுமைதான் என்று ஒத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மொர்ஷிதா தட்டைப் பார்த்துவிட்டாள். வங்காள தேசத்துக்காரி, உனக்குத்தான் தெரியுமே, ஒன்றையும் விடமாட்டாள். "லுட்விக் பாய், வருஷா வருஷம் சாராயம் இருக்குன்னு எங்களுக்கு மட்டும் கிடையாது. இந்த வருஷமும் அதேதானா?" என்றாள். இந்த வருஷம் சாராயம் இல்லை, எங்கள் கோயில் தண்ணீர்தான் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "தண்ணியப் படைச்சவன் ஒருத்தன்தானே. குடுங்க. நாளை மறுநாள் எங்களுக்கும் நோன்பு பிறந்துடுது" என்று பாதித் தட்டைப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டாள். பேச்சோடு பேச்சாக உன்னைப் பற்றி, "பாபி எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். சீக்கிரம் வந்துவிடுவாள் என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்தப் பொய் எனக்கே பிடிக்கவில்லை. மீதி போன்ச்கிகளை நான்தான் தின்று தீர்த்தேன். நெஞ்செரிச்சல் இன்னும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது சட்டி. அசல் சாராயம் எங்கே இருந்தது தெரியுமா? தீர்த்தத்துக்குப் பின்னாலேயே. இந்தத் தடவை ஊற்றுவதற்கு முன்னால் குடித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சரி என்று ஊற்றினேன். எண்ணெயில் போட்டேன் பார், ஒவ்வொன்றும் வாத்துக்குஞ்சு மாதிரி மேலே மிதந்தது. திருப்பிப் போட்டு எடுத்தால் இடுப்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வார், பெல்ட் கட்டின மாதிரி! நீ அந்த வெள்ளையைப் பார்த்துத்தானே ஒவ்வொரு வருஷமும் தலையை ஆட்டுவாய்? நானும் ஆட்டினேன். தனியாக நின்று கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "லுட்விக், நீ ஆம்பளைடா" என்று உரக்கச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.

சாயங்காலம் கோட்டு போட்டுக்கொண்டு, பெரிய தட்டோடு கோயில் மண்டபத்துக் கொண்டாட்டத்துக்குப் போனேன். ஜெபமாலை சபைப் பெண்கள் வாசலிலேயே மடக்கினார்கள். சபைத் தலைவி ஜெனோவேஃபா, அவளுக்குத்தான் ஊரில் எல்லாரும் பொய்யர்களாயிற்றே, "எந்தக் கடைல வாங்கின?" என்றாள். நானே செய்தது என்றேன். "உனக்கு முட்டை வேகவைக்கத் தெரியுமா?" என்றாள். ஒரு போன்ச்கியை எடுத்தாள். கடைக்காரர்கள் பொரித்த பிறகு ஊசியால் ஜாம் ஏற்றுவார்களே, அந்த ஓட்டையைத் தேடினாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், விளக்கடியில் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எங்கே இருக்கும்? நான் உன் முறைப்படி மாவிலேயே வைத்து மூடினவன். கடித்தாள். ஜாம் மோவாயில் வழிந்தது. "இது ப்ரோனியா கைப்பக்குவம்" என்றாள் மெதுவாக. ஜெனோவேஃபா வாயால் வந்த சொல்! எனக்கு நெஞ்சு விம்மிக் கோட்டுப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. மண்டபம் முழுக்க வந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள். தட்டு காலி.

அதோடு விட்டாளா? எல்லாரும் கேட்கும்படி, "அப்புறம் என்ன லுட்விக்! இதையே செஞ்சுட்ட. இனிமே உனக்குப் பொண்டாட்டி எதுக்கு? அவ அங்கயே இருக்கட்டும்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போனார்கள். நான் காலித் தட்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். ப்ரோனியா, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் பாராட்டியும் பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லையே என்று.

நீ யோசித்துச் சொல்லச் சொன்னாயே, யோசித்துவிட்டேன். ஜனவரியில் நான் உன்னை வா என்றபோது அதில் சூப்பும் இருந்தது. இப்போது முட்டைக்கோஸ் இலைக்குள் இறைச்சி வைத்துச் சுருட்டவும் கற்றுக்கொண்டுவிட்டேன், அது போன வாரத்துக் கதை. என் வயிற்றுக்கு இனி யாரும் தேவையில்லை. சமையல்காரிக்கு இந்த வீட்டில் வேலை இல்லை. அப்படியும் நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரைப் பிரித்தால் மேலே பார்க்க யாரும் இல்லை. நீ என்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, வேண்டுமானால் தெக்லாவுக்கும் படித்துக் காட்டு.

மற்றபடி சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. உன் ஜெரேனியம் செடிகள் பிழைத்திருக்கின்றன, ஒன்று மட்டும் போய்விட்டது. வாசல் படியில் ஐஸ் கட்டாமல் உப்புத் தூவுகிறேன். மேல் அலமாரிப் பாட்டில்கள் இரண்டிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று. காலையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராகப் போட்டோ கடைக்குப் போனேன், பாஸ்போர்ட்டுக்கு. விமானம் என்றால் எனக்குப் பயம், அதனால்தான் உன்னைத் தனியாக அனுப்பினேன் என்பது உனக்குத் தெரியும். இன்னும் பயம்தான். கடைப் பையன் சாம்பலைத் துடைக்கச் சொன்னான். இன்றைக்குத் துடைக்க மாட்டேன் என்றேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறான், போவேன்.

உனக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது என்றால் மறைக்காமல் சொல். கோபிக்க மாட்டேன், அங்கே வந்து உன்னோடு இருப்பேன். தெக்லாவின் அடுப்பில் நான் பொரிக்கிறேன், அவள் குறை சொல்லட்டும். இங்கே வர மனம் இருந்தால் எந்த நேரத்தில் வந்தாலும் விமான நிலையத்தில் நிற்பேன். நீண்ட கடிதம் வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை எழுது. "வா" என்றாலும் சரி, "வருகிறேன்" என்றாலும் சரி.

தெக்லாவின் இடுப்பும் உன் மனமும் நல்லபடி இருக்கக் கடவுள் காப்பாராக.

உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்,
உன் லுட்விக்