பெயரில் ஒரு சாய்கோடு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பெம்பான் வீட்டிலிருந்து ஆயர் குரோ ஆபீஸ் வரை மோட்டாரில். சப்பாத்துக்குள் தண்ணீர். ஆபீஸில் நாள் முழுவதும் ஈரக்கால்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம். இன்று செய்தது: வெப் பக்கத்தில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினேன், இன்னொரு பட்டன் காணாமல் போனது. இரண்டு மணி நேரம் தேடல். பக்கத்து மேசை ஏஞ்சலின் (இனி ஏ.) எட்டிப் பார்த்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். "பரவால்ல லா மாலதி, எனக்கும் இப்படி ஆகும்" என்றாள். பொய். அவளுக்கு ஆனதே இல்லை.

இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவளுக்குக் கிளினிக் பதிவுப் பக்கம் முழுவதும். எனக்குப் பட்டன்.

பொறாமைதான். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது.

ஜூலை 9, புதன்

வெயில். சப்பாத்து இன்னும் காயவில்லை, நாற்றம்.

லீடர் காக் ரோஸ் (காக் என்றால் மலாயில் அக்கா) எல்லார் முன்னாலும் ஏ.வைப் பார்த்து "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டினார். என் பக்கம் திரும்பி, "யூ ஓகே?" காய்ச்சல்காரியைக் கேட்பது போல. எரிச்சல்.

எங்கள் ஆபீஸில் ஒருவர் எழுதிய கோடிங்கை இன்னொருவர் பார்த்து அப்ரூவ் அழுத்த வேண்டும். நாலு மணிக்கு ஏ.வுடையது என்னிடம் வந்தது. குறை கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். கிடைத்தது. பெயர்க் கட்டம் எழுத்தையும் இடைவெளியையும் மட்டுமே ஏற்கும். சாய்கோடு போட்டால் ஏற்காது.

என் ஐசி அட்டையில் மாலதி a/p முனியாண்டி, அதாவது முனியாண்டியின் மகள். அப்பா, முனியாண்டி a/l பெருமாள், பெருமாளின் மகன். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கோடு உண்டு. ஏ.வுக்கு இல்லை. அவள் அப்பா பெயர் பதியும்போதே a/p வேண்டாம் என்றுவிட்டாராம். அதனால் அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாமல் இருக்குமா.

ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. ஒரு தடவையாவது விழட்டும் என்று அப்ரூவ் அழுத்தினேன்.

ஜூலை 11, வெள்ளி

ஜாசினில் ஒரு கிளினிக்கில் புதுப் பக்கம் ஓடத் தொடங்கியது. காக் ரோஸ் கறிபாப் வாங்கி வந்தார். மூன்று தின்றேன்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். ஏ. போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

வாங்க: மழைக்கோட்டு, அம்மாவுக்குத் தைலம், சப்பாத்து (சம்பளம் வரட்டும்).

ஜூலை 12, சனி

அப்பா இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மருந்துக்குப் போவது அதே கிளினிக்குக்குத்தான். தெரிந்த விஷயம். புதன்கிழமை அப்ரூவ் அழுத்தியபோது நினைவுக்கு வரவில்லை.

எட்டு மணிக்குப் போனவர் ஒரு மணிக்குத்தான் வந்தார், காலையில் எதுவும் சாப்பிடாமல்.

"கோடு போட்டா செவப்பு காட்டுது அங்கிள்னு கவுண்டர் பொண்ணு சொல்லுச்சு. கோட்ட எடுத்துட்டுப் போட்டா பழைய கார்டு கெடைக்கல. நம்மாளுங்க எல்லாருக்கும் அதே கதி. ஒருத்தரு சத்தம் போட்டாரு. நான்தான் சொன்னேன், பொறுமையா இருங்க, இது எம்மவ ஆபீஸ்ல செஞ்சது, சரியாத்தான் இருக்கும்னு."

அப்பாவுக்குச் சோறு போட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மறுபடி மழை. கிளினிக்கிலிருந்து புகார். ஏ. காக் ரோஸின் அறைக்குள் போய்க் கால் மணி நேரம். வெளியே வந்து நேராகக் கழிவறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே. சொல்லிவிடத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவப்பு.

"எனக்குத் தினமும் பயம் லா, என்னைக்கு வெளிய அனுப்புவாங்களோன்னு. புதன்கெழமதான் நல்லாத் தூங்கினேன். நீ பாத்துட்டே இல்ல, தப்பு இருந்தா மாலதி விடமாட்டான்னு."

டிஷ்யூ எடுத்து நீட்டினேன்.

"பயப்படாத, ஒனக்கு ஒண்ணும் வராது. நீயும் கவனிக்கலன்னு நானே காக் ரோஸ்கிட்ட சொல்லிட்டேன்."

"கவனிச்சேன்" என்றேன்.