கண்டாலா மலை ஏறுமுன்

தம்பி சொரிமுத்து,

“பெரியப்பா, இம்புட்டு வேகமா ஓடுத காரு ஏன் வாசல்லயே நிக்கி?” என்று உன் மகள் சொர்ணம் போன வாரம் கேட்டாள். “ஒங்கப்பனும் நானும் பேசிக்கிடல, அதான்” என்றேன்.

“நீங்க லாரி மெக்கானிக்கு. இது பழசானாலும் பந்தய வண்டி, கை வைக்காதீய” என்று நீ சொன்னது இன்னும் வலிக்கிறது. ஆனாலும் இன்று மனைவி மகளோடு அதில் பூனா போகிறாய். அதனால் நான் சொல்லத்தான் செய்வேன்.

முன்பக்கம் உன் மதினி கட்டிய சாமந்தி மாலையைக் கழற்றிவிடு. அது ரேடியேட்டருக்குக் காற்றை மறைக்கும்; கண்டாலா ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிடும். மாலையை முருகன் படத்துக்குப் போடு. கொதித்தால், ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. புறப்படுமுன் ஆயில் பார். தண்ணீர் இரண்டு டின் வைத்துக்கொள். ஒன்று உனக்கு, மற்றது வழியில் வண்டி நின்று தவிக்கும் யாருக்காவது. அவர்கள் கேட்குமுன் கொடு.

திரும்பும்போது இறக்கத்தில் கியரைக் குறைத்தே வா.

சாவி அரிசி டின்மேல். புளிச்சோறு தூக்குவாளியில். நான் குர்லா பணிமனைக்கு முதல் ஷிப்டு போகிறேன்.

அண்ணன்
வானமாமலை

பி.கு.: பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது. ஞாயிறன்று தலைவலி என்று பஜனைக்கு வராமலிருந்தேனே, அது பொய். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்கள் பஜனை முடிந்து வருவதற்குள் நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங் போட்டு, டிராம்பே வரை ஓட்டியும் பார்த்தேன்; நன்றாகப் பிடிக்கிறது. நான் டைபாய்டில் கிடந்த மாதம், என் வேலை போகாதபடி என் ஷிப்டையும் நீயே பார்த்தாய். அதை நீ வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இதையும் சொல்லவேண்டாம்.